வலி நின்றது எதனால்?

பிரான்ஸின் தென்மேற்கே, போர்தோ நகருக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு மாளிகையில், பதினாறாம் நூற்றாண்டில் ஒரு வெள்ளாட்டுக் கிடாயைத் தனிக் கவனத்துடன் வளர்த்தார்கள். கோடை உச்சத்தில் தேர்ந்தெடுத்த கிடாய் அது. தின்பதற்கு உடம்பின் அடைப்பைத் திறக்கும் என்று பெயர்பெற்ற மூலிகைகள் மட்டும். குடிப்பதற்கு வெள்ளைத் திராட்சை மது. வளர்த்தவர் மிஷேல் தெ மோந்தேன். கட்டுரை என்று நாம் இன்று சொல்லும் வடிவத்துக்கு ஐரோப்பாவில் பெயர் வைத்தவர் அவர்தான். அவருடைய தந்தை மூத்திரக் கல்லால் பல ஆண்டு துன்பப்பட்டு 1568-இல் இறந்தார். நாற்பதைத் தாண்டியதும் மகனுக்கும் அதே நோய் வந்தது. இப்படி வளர்த்த கிடாயின் இரத்தம் கல்லைக் கரைக்கும் என்று அந்நாளில் விவரம் தெரிந்தவர்களே சொன்னார்கள். ஆட்டுக் கிடாயின் இரத்தம் வைரத்தையே இளக்கும் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்திருந்தார். வைரம் இளகும்போது மூத்திரக் கல் எம்மாத்திரம் என்று ஜனங்கள் நினைத்ததில் வியப்பில்லை.

கிடாயை வெட்டிய நாளில் மோந்தேன் வீட்டில் இருந்தார். அதன் இரைப்பையில் ஏதோ உருண்டைகள் ஒன்றோடொன்று மோதுவதாகச் சமையல்காரர் கண்டார் என்று சேதி வந்தது. மோந்தேன் குடலைக் கொண்டுவரச் சொல்லித் தன் கண்முன்னே திறக்க வைத்தார். மூன்று உருண்டைகள் விழுந்தன. மேலே கெட்டி, கையில் எடுத்தால் பஞ்சுபோல் கனமில்லை. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது: கல்லைத் தன் வயிற்றிலேயே கரைக்க முடியாத விலங்கின் இரத்தம் இன்னொருவர் கல்லை எப்படிக் கரைக்கும்?

நல்ல கேள்விதான். ஆனால் அதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. ஆட்டின் இரைப்பையில் மயிரும் நாரும் திரண்டு உருண்டையாவது வேறு. சிறுநீரகத்தில் உப்பு படிந்து கல்லாவது வேறு. உருவம் ஒத்திருந்ததால் மோந்தேன் இரண்டையும் உறவாக்கிவிட்டார். மருந்தை நம்பியவர்கள் செய்த தவறும் அதேதான்: ஒப்புமையைக் காரணமாக எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு கூர்மையான ஒரு மனிதரே இதில் சறுக்கினார் என்றால், அது தனி ஒருவரின் குறை அல்ல. அறிவு என்பது எப்படி உண்டாகிறது என்ற பழைய தத்துவக் கேள்விக்குள் இந்தச் சின்னக் கல் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

நம்மூர்க் கல்யாணப் பந்தியில் வாழைத்தண்டுக் கூட்டு இலையில் விழுந்ததும் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். “எனக்கு அஞ்சு எம்எம் கல்லுப்பா. அறுத்துதான் எடுக்கணும்னாங்க. சிறுபீளையைக் கொதிக்கவெச்சு ஏழு நாள் குடிச்சேன், எட்டாம் நாள் விழுந்துடுச்சு. கண்கூடாப் பாத்தேன்” என்பார் ஒரு பெரியப்பா. எதிர்வரிசையில் இருக்கும் இளைஞன் போன மாதம்தான் ஸ்கேன் எடுத்திருப்பான். “எப்படிக் காய்ச்சணும் பெரியப்பா? வேரோடயா, பூவோடயா?” என்று கேட்பான். ரசம் வருவதற்குள் பக்குவம் கைமாறிவிடும்.

அந்தப் பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவர் பட்ட வலி உண்மை. அது நின்றதும் உண்மை. அப்படியானால் எங்கே இடறுகிறது?

சைவ சித்தாந்தம் இதைப் பிரித்துக் காட்ட ஒரு கருவி வைத்திருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இறைவனைப் பற்றிப் பேசுமுன் அளவைகளைப் பற்றிப் பேசுகிறது. எதைக்கொண்டு அளந்து ஒன்றை உண்மை என்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டுதான் மேலே போகிறது. காட்சி, கருதல், உரை என்று மூன்றாக அவற்றைச் சுருக்குகிறது. காட்சியிலும் நான்கு வகை. அவற்றில் ஒன்று தன்வேதனைக் காட்சி: இன்பத்தையும் துன்பத்தையும் உயிர் தானே நேராக அறிவது. விலாவிலிருந்து அடிவயிறு வரை கத்தியால் கிழிப்பதுபோல் இறங்கும் கல் வலிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அதற்குச் சாட்சி வேண்டாம், நிரூபணமும் வேண்டாம்.

பெரியப்பா கண்கூடாகக் கண்டது இரண்டு: வலி நின்றது, கல் விழுந்தது. சிறுபீளை அதைச் செய்தது என்பதை அவர் காணவில்லை, கருதினார். கருதல் தவறென்று சித்தாந்தம் சொல்லவில்லை. ஆனால் அதற்குச் சட்டம் உண்டு. புகை இருக்கும் அடுக்களையில் நெருப்பு இருக்கிறது என்பது ஒரு கால். நெருப்பு இல்லாத ஏரியில் புகையும் இல்லை என்பது மறு கால். உடம்பாடும் எதிர்மறையும் சேர்ந்தால்தான் அனுமானம் நிற்கும். கஷாயம் குடித்தேன், கல் விழுந்தது என்பது முதல் கால். கஷாயம் குடிக்காதிருந்தால் விழுந்திருக்காது என்ற இரண்டாவது கால் எங்கே?

தமிழில் இதற்கு ஒரு பழமொழியே இருக்கிறது: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. வடமொழித் தருக்க நூல்கள் இதையே காகதாலீயம் என்கின்றன. எல்லோரும் அறிந்த பழமொழிதான். கல் விஷயத்தில் மட்டும் அது எப்படியோ மறந்துபோகிறது.

பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சிறுநீர்க் குழாயில் இறங்கிய கல் 5 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், நூற்றில் ஏறக்குறைய 68 தானாகவே வெளியேறும் என்று அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் சங்கத்தின் 2007-ஆம் ஆண்டு வழிகாட்டி கணக்கிட்டது. இதைவிட முகத்தில் அறையும் சான்று பிரிட்டனிலிருந்து 2015-இல் வந்தது. 24 மருத்துவமனைகளில், குழாயில் கல் சிக்கிய 1,167 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு டாம்சுலோசின், ஒன்றுக்கு நிஃபெடிபின், மூன்றாவது குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று விழுங்குபவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நான்கு வாரத்துக்குள் மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படாமல் போனவர்கள் முறையே நூற்றுக்கு 81, 80, 80.

வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலும் நூற்றுக்கு 80 பேர் தப்பித்தார்கள் என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்த நான்கு வாரத்தில் இவர்கள் சிறுபீளை குடித்திருந்தால் சிறுபீளைக்குப் பெயர். வாழைத்தண்டு குடித்திருந்தால் வாழைத்தண்டுக்கு. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருந்தால் குலதெய்வத்துக்கு. அந்த ஆய்வு நவீன மருந்துகளையும் விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இயற்கை, செயற்கை என்ற சண்டை அங்கே இல்லை. எதிர்மறை என்ற இரண்டாவது காலை ஊன்றிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது அளவையான உரைக்கு வரும்போது விஷயம் இன்னும் கனமாகிறது. வேதத்தை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்விக்கு நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் சொல்லும் பதில் வியப்பானது. மந்திரமும் ஆயுர்வேதமும் எப்படி நம்பத்தக்கவையோ அப்படியே வேதமும் என்கிறது அது. ஏனென்றால் இரண்டையும் சொன்னவர்கள் ஆப்தர்கள், நம்பத்தக்கவர்கள். அதாவது மறை நூலின் அதிகாரத்துக்கு மருந்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் உடம்பில் சொன்னது பலித்தால், கண்ணுக்குத் தெரியாத மறுமையில் சொன்னதையும் நம்பலாம் என்பது வாதம். மருந்து பலித்தது என்று சொல்வதில் கவனக்குறைவு வந்தால் அது வயிற்றோடு நிற்காது, மேலே கட்டிய மாளிகைவரை போகும். பக்தி உள்ளவர்தான் இதில் முதலில் கவலைப்பட வேண்டும்.

ஆப்தன் யார்? சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் மூன்று தகுதிகளைச் சொல்கிறார்: சொல்லும் பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், உயிர்களிடம் இரக்கம் வேண்டும், அறிந்ததை அறிந்தபடி சொல்லும் விருப்பம் வேண்டும். பந்தியில் பேசிய பெரியப்பாவிடம் இரக்கம் நிறையவே உண்டு, விருப்பமும் உண்டு. முதல் தகுதியில் பாதிதான் இருக்கிறது. வலியை அறிவார், காரணத்தை அறியார். இரக்கம் இருப்பதாலேயே அவர் சொல் நம் நெஞ்சில் ஆழமாக இறங்குகிறது.

மணிமேகலையின் அறவண அடிகள் இதில் இன்னும் கறாரானவர். பௌத்த மரபில் நின்று அவர் ஏற்கும் அளவைகள் இரண்டே: காட்சியும் கருத்தும். மற்றவை எல்லாம் கருத்துக்குள் அடங்கிவிடும். யார் சொன்னாலும் அதையும் கருத்தளவையின் சட்டத்தில் வைத்துப் பார் என்பதுதான் இதன் பொருள்.

இங்கே அப்பர் நினைவுக்கு வருவது இயல்பு. சூலை நோய் குடலை முறுக்கத் திருவதிகைக்கு வந்தார். தமக்கை திலகவதியார் திருநீறு கொடுத்தார். பாடினார், நோய் நீங்கியது. இதையும் வெற்று மாத்திரைக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டுமா? வேண்டாம் என்பதே சரியான பதில். அப்பர் சூலைக்கு மருந்துச்சீட்டு எழுதவில்லை. நன்றி சொன்னார். நன்றிக்கு எதிர்மறைக் கால் தேவையில்லை. கல் விழுந்த நாளில் ஒருவர் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினால் அதைத் தருக்கத்தால் மறுப்பது அறிவீனம். அந்த நன்றி, “நீயும் இதைக் குடி, ஆஸ்பத்திரி வேண்டாம்” என்று திரும்பும் இடத்தில்தான் கணக்கு கேட்க உரிமை பிறக்கிறது. அங்கே இன்னொருவர் உடம்பு இருக்கிறது.

பெயர்களின் மயக்கம் தனிக் கதை. லத்தீனில் ‘கல்லுடைப்பி’ என்று பொருள்படும் சாக்ஸிஃப்ராகா ஒரு செடியின் பெயர். பாறை இடுக்கில் முளைப்பது மூத்திரக் கல்லையும் உடைக்கும் என்று ஐரோப்பியர் அதைக் குடித்தார்கள். வடமொழியில் பாஷாணபேதம், அதே பொருள்தான். தமிழில் கல்லுருக்கி. நாம் மஞ்சள் காமாலைக்குத் தேடும் கீழாநெல்லியின் இனத்தைச் சேர்ந்த செடிக்குப் பிரேசிலில் ‘கெப்ரா பெத்ரா’ என்று பெயர். அதற்கும் கல்லுடைப்பி என்றே அர்த்தம். ஒரே குடும்பத்துச் செடி ஒரு கண்டத்தில் ஈரலுக்கும் இன்னொன்றில் சிறுநீரகத்துக்கும் மருந்தாகியிருக்கிறது. பெயரைப் பார்த்துக் குணம் சொல்ல முடியாது என்பதற்கு இது போதும். ஆனால் அங்கேயே இன்னொன்றும் நடந்தது. பிரேசில் மருத்துவர்கள் அந்தச் செடியை மனிதர்களிடம் சோதித்து, சிறுநீரில் கால்சியம் மிகுந்திருந்தவர்களுக்கு அது குறைந்ததை 2004-இல் எழுதினார்கள். கல் உடைந்ததாக அவர்கள் எழுதவில்லை. ஒரு நாட்டு வைத்தியத்துக்குச் செய்யக்கூடிய உண்மையான மரியாதை இப்படிச் சோதித்துப் பார்ப்பதுதான்.

நம் வாழைத்தண்டையும் அப்படிப் பார்க்கத் தொடங்கினார்கள். எலிகளுக்குச் சாறு கொடுத்தபோது சிறுநீரில் ஆக்சலேட் குறைந்தது. எலிக்கும் மனிதனுக்கும் இடையில் உள்ள தூரம் தெரிந்ததுதான். எனினும் வாழைத்தண்டைச் சமைத்துச் சாப்பிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. சிறுபீளைக்கு வேறொரு வாழ்வும் உண்டு. பொங்கலுக்கு முன்னாள் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூவோடு அதையும் சேர்த்துக் கூரையில் செருகுவார்கள். வெள்ளைப் பூக்கதிர் வாசலில் ஆடுவது காப்பு; அதே செடி பானையில் கொதிப்பது மருந்து. இரண்டும் ஒன்றல்ல என்று அந்த வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். காப்புக் கட்டியும் கதவைத் தாழிட்டுத்தான் தூங்குவார்.

அப்படியானால் வீட்டில் செய்யக்கூடியதில் எது நிற்கிறது? முதலில் தண்ணீர். தூத்துக்குடி உப்புப் பாத்தியைப் பார்த்தவருக்குக் கல் உண்டாகும் விதத்தை விளக்க வேண்டியதில்லை. வெயில் நீரை உறிஞ்ச உறிஞ்ச, கரைந்திருந்த உப்பு கரைந்திருக்க முடியாமல் படிகமாகிறது. உடம்பிலும் வேர்வையாக நீர் போய், சிறுநீர் அடர்ந்தால் அதே கதை. கோடையில் கல் வலி கூடுவது இதனால்தான்.

மோந்தேன் 1581-இல் இத்தாலியின் லூக்கா நகரை ஒட்டிய வெந்நீர் ஊற்றுகளில் தங்கினார். ஊற்று நீரைக் குவளை குவளையாகக் குடித்தார். எவ்வளவு குடித்தார், எவ்வளவு வெளியே போனது, எந்த நாளில் கல்லும் மணலும் வந்தன என்று நாட்குறிப்பில் எழுதினார். ஊற்றின் மகிமையில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, கெடுதல் இல்லை என்ற அளவே. அந்த இடத்துக்கு வடக்கே, மலைக்கு அப்பால் உள்ள பார்மா நகரில், நானூறு ஆண்டுக்குப் பிறகு அதே கணக்கை எதிர்மறைக் காலோடு போட்டார்கள். முதன்முறை கல் வந்த 199 பேர். பாதிப் பேருக்கு, நாளுக்கு 2 லிட்டர் சிறுநீர் போகுமளவு தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை அவர்கள் வழக்கப்படி விட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் மறுபடி கல் வந்தவர்கள் தண்ணீர்க் குழுவில் நூற்றுக்கு 12, மற்றதில் 27. 1996-இல் வெளியான முடிவு அது. மோந்தேன் கணக்கு வைத்த குவளைகளில் வேலை செய்தது ஊற்றின் தாதுவைவிட வெறும் நீராகவே இருந்திருக்கும். நம் வெயிலில் 2 லிட்டர் சிறுநீர் போக வேண்டுமானால் இரண்டரை, மூன்று லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதல்.

ஆனால் இது வருமுன் காக்கும் வழி. வலி உச்சத்தில் இருக்கும்போது செம்பு செம்பாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் கல் வேகமாக இறங்கும் என்பதற்கு ஆதாரமில்லை. வாந்திதான் மிஞ்சும்.

பாலும் தயிரும் கல்லை வளர்க்கும் என்பது இன்னொரு கருதல். பெரும்பாலான கற்களில் கால்சியம் இருக்கிறது, பாலில் கால்சியம் இருக்கிறது, ஆகவே பால் ஆகாது. பிளினியின் வைரக் கணக்குபோலவே இதுவும் கேட்க ஒழுங்காக இருக்கிறது. உண்மை தலைகீழ். உணவோடு போகும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. சிறுநீருக்குப் போகும் ஆக்சலேட் குறைகிறது. பார்மா மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், சிறுநீரில் கால்சியம் மிகுந்த 120 ஆண்களில், கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் விட்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே வந்தது. அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று உப்பு ஏறும் வழிகள் நம் சாப்பாட்டில் ஏராளம். கை வைக்க வேண்டிய இடம் அதுதான்; மோரின்மேல் பழி போடக் கூடாது.

எலுமிச்சைக்கும் காரணம் உண்டு. அதில் உள்ள சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு, ஆக்சலேட்டுக்கு அது கிடைக்காமல் செய்கிறது. இத்தாலியில் 203 பேரிடம் நடந்த சோதனையில், நாளுக்கு இருவேளை 60 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். தொடக்கத்தில் பலன் தெரிந்தது. நாளாக ஆகப் பலர் குடிப்பதை விட்டுவிட்டார்கள், பலனும் மங்கியது. நம்மூரில் உப்பையும் சர்க்கரையையும் கொட்டிக் கலக்கும் எலுமிச்சை ஜூஸில் சிட்ரேட்டின் நன்மை எவ்வளவு மிஞ்சும் என்பதை யோசிக்க வேண்டும்.

இயற்கை என்ற சொல்லுக்குள் கேட்டில் இருந்து காக்கும் வரம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. கேரளத்தில் இரும்பன்புளி என்ற பிலிம்பிக் காயின் சாறு கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிக் கெட்டியாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். காயில் இருந்த ஆக்சலேட்டே சிறுநீரகத்தில் படிந்திருந்தது. கொல்லைப்புறத்து மரம், குழம்பில் காலங்காலமாகப் போடும் காய்.

இதைவிட அஞ்ச வேண்டியது ஓசையில்லாத கெடுதல். கல் வலி அலைபோல் வந்து அடங்கும். கல் குழாயில் அப்படியே இருக்க, வலி மட்டும் நின்றுவிடுவதும் உண்டு. தன்வேதனைக் காட்சி அப்போது கைவிட்டுவிடுகிறது. கஷாயம் கேட்டது என்று நிம்மதியாக இருக்கும் வாரங்களில், மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கிக்கொண்டிருக்கலாம். கல்லோடு காய்ச்சலும் குளிரும் வந்தால், சிறுநீர் நின்றால், ஒரே சிறுநீரகம் உள்ளவர் என்றால், கர்ப்பிணி என்றால், அது வைத்தியம் பார்த்துக் காத்திருக்கும் நேரமல்ல, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம். சரியாகச் சிந்திக்காததற்குச் சிலர் ஒரு சிறுநீரகத்தை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். அளவை நூல்களைப் பண்டிதர் விஷயம் என்று ஒதுக்க முடியாமல் போவது இங்கேதான்.

கல் எல்லாம் ஒரே கல்லும் அல்ல. பழைய ஆயுர்வேத நூல்களே அதை நான்காக வகுத்தன. இன்றைய வகைப்பாட்டில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட், சில யூரிக் அமிலக் கற்கள், சில கிருமித் தொற்றால் வளர்பவை, அரிதாகச் சிஸ்டின். இவற்றில் யூரிக் அமிலக் கல் உண்மையிலேயே கரையும். சிறுநீரின் புளிப்பை மருத்துவர் மருந்தால் குறைத்தால், கத்தியில்லாமல் சில வாரங்களில் அது மறையக்கூடும். தொற்றால் வளரும் கல்லுக்கு அதையே செய்தால் கல் பெரிதாகும். ஒரே கஷாயம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டு நமக்குக் கேட்காமல் போக இதுவும் ஒரு காரணம்.

எந்தக் கல் என்று தெரிய ஒரு எளிய வழி இருக்கிறது. வலி வந்த நாளிலிருந்து சிறுநீரை ஒரு பழைய டீ வடிகட்டியில் விட்டுப் பிடிப்பது. பலருக்கு இது கூச்சம். கல் விழுந்த நிம்மதியில் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்த நோயில் கையால் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் ஒரே காட்சி அப்படியே சாக்கடைக்குப் போய்விடுகிறது. கடுகளவோ மிளகளவோ, பழுப்பாகவோ மஞ்சளாகவோ ஒன்று வலையில் தங்கினால், அதைக் கழுவிக் காயவைத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம். கிடாயின் குடலைக் கொண்டுவரச் சொல்லி மோந்தேன் குனிந்து பார்த்தது இதைத்தான். அவர் கையில் வந்தது வேறு உருண்டை. அதைப் பிரித்துச் சொல்ல அன்று ஆய்வகம் இல்லை. பந்தியில் பக்குவம் கேட்ட இளைஞனுக்கு அது இருக்கிறது.